தம்பியைப் போரில் இழந்தவருக்கு: சுற்றி இருப்பவர்கள் சதி பேசும்போது

வந்த கேள்வி இது: "என் தம்பி போரில் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவன் இறந்த அந்தத் தாக்குதலைப் பற்றி இன்னும் எல்லோரும் பேசுகிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு முன்பே தெரியும், வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்கிறார் ஒருவர். தாக்குதலே நடக்கவில்லை, படமெல்லாம் ஜோடனை என்கிறார் இன்னொருவர். உறவினர்களும் கூட வேலை செய்பவர்களும் என் முன்னாலேயே இதைப் பேசுகிறார்கள். சிலர் என்னிடமே அபிப்பிராயம் கேட்கிறார்கள். பதில் சொன்னால் உடைந்துபோகிறேன். சும்மா இருந்தால் தம்பிக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. அவர்கள் சொல்வதில் ஏதாவது உண்மை இருந்துவிட்டால் என்ற பயமும் இருக்கிறது."

துரோகம் என்று சொன்னீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த விவாதத்தில் நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதால் உங்கள் தம்பிக்கு ஒரு குறையும் வராது. ஏனென்றால் அங்கே பேசப்படுவது அவனைப் பற்றியே இல்லை. அடுத்த முறை கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள், அவன் பெயர் ஒரு தடவைகூட வராது. அவன் எப்படிச் சிரிப்பான், எதற்குக் கோபித்துக்கொள்வான், ஏன் படைக்குப் போனான் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தேதி, வரைபடம், யாருக்கு லாபம், எந்த நாடு பின்னால் இருந்தது, இவ்வளவுதான் வரும். உங்களுக்கு அவன் போய்விட்டான் என்பதுதான் விஷயம். அவர்களுக்கு அவன் சாவு தங்கள் வாதத்துக்குக் கிடைத்த ஒரு சான்று. இரண்டு தரப்பும் ஒரே சம்பவத்தைப் பேசுவதுபோலத் தெரிந்தாலும் பேசுவது வேறு வேறு. அதனால்தான் அவர்களுடைய கணக்கில் இறங்கிப் பதில் சொல்லப் போகும்போதெல்லாம் உடைகிறீர்கள். அதை உங்கள் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இழப்பு நேர்ந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. உடன்பிறந்தவர்களை எல்லோரும் இரண்டாம் வரிசைக்குத் தள்ளிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சாவு வீட்டுக்கு வருபவர்கள் நேராகப் பெற்றோரிடம் போவார்கள், மனைவி பிள்ளை இருந்தால் அவர்களிடம் போவார்கள். அக்காவிடமோ அண்ணனிடமோ சொல்வது ஒன்றுதான்: "அம்மாவைப் பார்த்துக்கோ, நீதான் தைரியமா இருக்கணும்." சமூகம் முழுதாக ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று உண்டு என்பதை 1989இல் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா விளக்கமாக எழுதினார். உடன்பிறந்தவர்களின் துக்கம் பெரும்பாலும் இதில்தான் விழுகிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் ஒருவர் வாழ்க்கையில் நீளமான உறவு இதுதானே. பெற்றோர் நமக்கு முன்பே போய்விடுவார்கள், துணை பாதி வழியில்தான் வந்து சேர்வார். சிறுவயதிலிருந்து முதுமைவரை கூட வரவேண்டியவர் உடன்பிறந்தவர். உங்கள் சின்ன வயதை உள்ளேயிருந்து அறிந்தவன் தம்பி. பெற்றோருக்கு வயதாகும்போது பக்கத்தில் நின்று பாரத்தைப் பகிர வேண்டியவனும் அவன்தான். நடந்து முடிந்த காலம், இனி வரவேண்டிய காலம் இரண்டிலும் ஒரு பங்கு போயிருக்கிறது.

போரில் நேரும் சாவுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது வீட்டுக்குள் நிற்காது. அரசு அதற்கு உரிமை கொண்டாடும், எதிர்த்தரப்பு கொண்டாடும், பத்திரிகை கொண்டாடும். ஆளாளுக்கு அதற்கு ஓர் அர்த்தம் வைத்திருப்பார்கள். ஏற்கெனவே இரண்டாம் வரிசையில் நிற்கிற உங்களிடம் இப்போது, நடந்தது நடந்ததுதான் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். இது கொடுமை. இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

உக்ரைனில் உள்ள புச்சாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் ரஷ்யப் படை கீவ் நகருக்கு அருகில் இருக்கும் அந்த ஊரைவிட்டு விலகியது. தெருவில் கிடந்த உடல்களின் படங்கள் ஏப்ரல் தொடக்கத்தில் வெளியாயின. இது நாடகம் என்றது ரஷ்ய அரசு. ஓடும் காரிலிருந்து எடுத்த ஒரு வீடியோவில் ஓர் உடல் கையை அசைக்கிறது என்று சொல்லி உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அசைந்தது காரின் கண்ணாடியில் இருந்த நீர்த்துளி. ரஷ்யப் படை அங்கே இருந்தபோதே, மார்ச் நடுவிலேயே, உடல்கள் அதே தெருவில் கிடந்தது செயற்கைக்கோள் படங்களில் பதிவாகியிருந்தது. அப்படியும் வாதம் நின்றுவிடவில்லை. அங்கே கிடந்த ஒவ்வொருவரும் யாருக்கோ அண்ணன், யாருக்கோ தம்பி. அந்த உறவுகள் துளியா கையா என்ற விவாதத்தைக் கேட்டுக்கொண்டே உடலை அடையாளம் காட்டப் போக வேண்டியிருந்தது.

இப்படிப் பேசுபவர்கள் எல்லோரும் இரக்கம் கெட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று மனித மனம் எதிர்பார்க்கிறது. யாரோ தூரத்திலிருந்து போட்ட குண்டு சரியாக அந்த இடத்தில் விழுந்தது, அவ்வளவுதான், வேறு காரணம் கிடையாது என்றால் அது யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம். அந்த எண்ணம் தாங்க முடியாதது. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டார்கள் என்றால் உலகம் யாருடைய கட்டுப்பாட்டிலாவது இருக்கிறது என்றாகிவிடும், பயம் கொஞ்சம் குறையும். கூடவே, மற்றவர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற நிறைவும் கிடைக்கிறது. ஆக அவர்களுடைய ஆறுதலுக்கு விலை கொடுப்பவர் நீங்கள். அதைப் புரிந்துகொள்ளுங்கள், சரி. ஆனால் புரிந்துகொண்டதற்காகப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை.

வாதாடி வென்றால் நிம்மதி கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியைத்தான். அந்தப் போரில் ஏறத்தாழ இருபது லட்சம் ஜெர்மன் வீரர்கள் இறந்தார்கள். படை களத்தில் தோற்கவில்லை, உள்நாட்டில் இருந்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற கதை போர் முடிந்ததுமே பரவியது. 1919 நவம்பரில் தளபதி ஹிண்டன்பர்க்கே நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அதைச் சொன்னார். பழி முக்கியமாக யூதர்கள்மேலும் இடதுசாரிகள்மேலும் விழுந்தது. யூதர்கள் களத்துக்கே போகவில்லை, பின்னால் ஒளிந்துகொண்டார்கள் என்றார்கள். உண்மையில் ஏறத்தாழ ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மன் படையில் இருந்தார்கள், அவர்களில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். அந்தப் பன்னிரண்டாயிரம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மகனை, அண்ணனை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம், உங்கள் ஆட்கள் சண்டைக்கே போகவில்லை என்று தெருவில் சொல்கிறார்கள்.

யூதப் போர்வீரர்களின் சங்கம் ஒன்று இதற்குப் பதில் சொல்ல முயன்றது. 1920இல் ஜெர்மன் தாய்மார்களை நோக்கி ஒரு துண்டறிக்கை வெளியிட்டார்கள்: 12,000 யூதர்கள் களத்தில் விழுந்தார்கள் என்று. 1932இல் இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டிப் புத்தகமாகவே போட்டார்கள். பெயர், ஊர், பிறந்த நாள், இறந்த நாள். கதை நின்றதா என்றால், இல்லை. அடுத்த வருடமே ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். நம்ப விரும்பாதவர்களைப் பெயர்ப்பட்டியல் மாற்றவில்லை. ஆனாலும் அந்தப் புத்தகம் வீண் என்று நான் நினைக்கவில்லை. பொய் சொன்னவர்களை வெல்ல அது உதவவில்லை, ஆனால் அந்த வீடுகளுக்கு அது வேண்டியிருந்தது. இறந்தவர் பெயர் சரியான எழுத்தில், சரியான தேதியோடு ஓரிடத்தில் இருக்கிறது என்பது குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பிக்காக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துடித்தால் வாதத்தில் செலவாகும் சக்தியை இந்தப் பக்கம் திருப்புங்கள். அவன் அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள், படங்கள் இருந்தால் ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். கைபேசி கெட்டுப்போய் எல்லாம் அழிந்த குடும்பங்கள் உண்டு. அவனோடு இருந்தவர்கள் யாராவது பேசத் தயாராக இருந்தால் கேளுங்கள். கடைசி நாளைப் பற்றி மட்டும் கேட்காமல் சாதாரண நாட்களைப் பற்றிக் கேளுங்கள், அங்கே அவனை என்ன பெயரில் கூப்பிட்டார்கள், எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான் என்று.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் உண்மை இருந்தால்? இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன், ஏனென்றால் போரில் அரசுகளும் படைகளும் பொய் சொல்வது உண்டு. அமெரிக்காவில் பேட் டில்மன் என்ற பிரபல விளையாட்டு வீரர் 2002இல் தன் பெரிய ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தம்பி கெவினோடு சேர்ந்து படையில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். கெவின் அதே வாகன அணியில் பின்னால் வந்துகொண்டிருந்தார், நடந்ததைப் பார்க்கவில்லை. எதிரியின் தாக்குதலில் வீரமரணம் என்று அறிவித்துப் பதக்கம் கொடுத்தார்கள், நினைவுக் கூட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஒரு மாதத்துக்கும் மேல் கழிந்துதான், சுட்டது சொந்தப் படை வீரர்களே, தவறுதலாக, என்று குடும்பத்துக்குச் சொன்னார்கள். அவருடைய சீருடையும் கவச உடையும் அதற்குள் எரிக்கப்பட்டிருந்தன. 2007 ஏப்ரல் 24 அன்று கெவின் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, தங்களிடம் சொன்ன கதை வேண்டுமென்றே புனையப்பட்டது என்று சாட்சி சொன்னார்.

அதே சமயம் வெளியே இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது: போரை விமர்சித்ததால் அவரைத் திட்டமிட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று. அப்படிக் கொன்றதற்கு விசாரணைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. மறைத்ததற்கு நிறையக் கிடைத்தது. கெவின் கேட்டதற்கும் வெளியே ஓடிய பேச்சுக்கும் இருந்த வித்தியாசத்தை நீங்கள் பிடித்துக்கொண்டால் உங்கள் பயம் பாதி தெளிந்துவிடும். குடும்பம் கேட்ட கேள்விகளுக்கு விடை என்று ஒன்று இருந்தது: யாருக்கு எந்தத் தேதியில் தெரியும், எரிக்கச் சொன்னது யார், பதக்கத்துக்கான அறிக்கையை எழுதியது யார். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தில் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் கேட்டதும் இப்படிப்பட்ட கேள்விதான்: கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் எங்கே, அவர்களுக்கு என்ன ஆனது. இதெல்லாம் சதிப் பேச்சு இல்லை. குடும்பத்தின் உரிமை. போர்க்கால விதிகளான ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின் 32ஆம் பிரிவு, தங்கள் உறவினருக்கு என்ன நேர்ந்தது என்று அறியும் உரிமை குடும்பங்களுக்கு உண்டு என்கிறது. சதிப் பேச்சு வேறு மாதிரி ஓடும். ஒரு கேள்விக்கு விடை வந்தால் அந்த விடை கொடுத்தவரும் சதியில் ஒருவர் ஆகிவிடுவார், கேள்வி இன்னோர் இடத்துக்கு நகர்ந்துவிடும். உங்களிடம் யாராவது புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால், "எது தெரிந்தால் இந்தச் சந்தேகம் தீரும்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் கவனிக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

உங்களுக்கே தம்பியின் மரணத்தில் தெளிவில்லாத இடம் ஏதாவது இருந்தால் அதைத் தனியாக எழுதி வையுங்கள். அவன் பிரிவின் அதிகாரிகளிடம் எழுத்தில் கேளுங்கள். மரணச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, விசாரணை நடந்திருந்தால் அதன் நகல், எதெல்லாம் குடும்பத்துக்குத் தர முடியும் என்று கேளுங்கள். வழக்கறிஞர் ஒருவரின் உதவி இருந்தால் நல்லது. எப்போது முயல்வது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். இந்த வருடம் தெம்பு இல்லை என்றால் அடுத்த வருடம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில இரவுகளில் அந்தக் கதைகள் உங்களையே இழுக்கும். யாரோ ஒருவர் குற்றவாளி என்றால் கோபப்பட ஒரு முகம் கிடைக்கும், தேடிக்கொண்டே இருக்கலாம், தேடும்வரை அவன் முழுதாகப் போய்விடவில்லை என்பதுபோல இருக்கும். இழந்தவர்களில் பலருக்கு இது நடக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கில எழுத்தாளர் வேரா பிரிட்டனின் தம்பி எட்வர்ட் 1918 ஜூன் 15 அன்று இத்தாலியப் போர்முனையில் இறந்தார். அதே சண்டையில் காயம்பட்டிருந்த தளபதியை வேரா லண்டன் மருத்துவமனையில் தேடிப் போய்க் கேட்டார். அவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றியது. பதினைந்து வருடங்களுக்கும் மேல் கழிந்துதான் விஷயம் வெளிவந்தது: ஓரினச்சேர்க்கை தொடர்பான ஒரு விசாரணை எட்வர்டுக்குக் காத்திருந்திருக்கிறது. அப்படியானால் அன்று அவர் வேண்டுமென்றே குண்டுக்கு முன்னால் போனாரா? அதைத் தீர்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வேரா அந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார். நிறைய எழுதினார், போருக்கு எதிராக உழைத்தார், பிள்ளைகளை வளர்த்தார். 1970இல் இறந்தபோது தன் சாம்பலை எட்வர்டின் கல்லறையில் தூவச் சொல்லியிருந்தார், அப்படியே செய்தார்கள். விடை கிடைத்த பிறகுதான் துக்கப்படத் தொடங்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை.

உடல் வீட்டுக்கு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் நிலைமை இன்னும் கடினம், குறிப்பாகப் பெற்றோருக்கு. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பேசித்தான், முடிவு தெரியாத இழப்பு என்பது ஒரு தனி வகைத் துன்பம் என்று கண்டார். அந்தக் குடும்பங்களை ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். 1991இல் மூன்று அமெரிக்கர்கள் சிறையில் உயிரோடு இருப்பதாக ஒரு புகைப்படம் வெளிவந்தது. அது தங்கள் ஆள்தான் என்று மூன்று குடும்பங்கள் நம்பின. கடைசியில் அது பழைய சோவியத் பத்திரிகைப் படம் ஒன்றை மாற்றிச் செய்த வேலை என்று தெரிந்தது. அம்மா "அவன் எங்கேயோ இருக்கான்" என்று சொன்னால் அவரோடு வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "இருந்தா நல்லா இருக்கும்மா" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். பாஸும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறார்: இல்லாமல் இருக்கலாம், இருக்கவும் கூடும் என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகலாம் என்று. கூடவே உங்கள் நாட்டுச் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தில் தேடல் விண்ணப்பம் கொடுங்கள். காசு கேட்க மாட்டார்கள். தகவல் இருக்கிறது என்று பணம் கேட்டு வருகிற யாரையும் நம்பாதீர்கள்.

அன்றாடத்துக்கு வருவோம். முன்கூட்டியே இரண்டு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க வராது. "அது என் தம்பி இறந்த இடம். என் முன்னால இதைப் பேசாதீங்க." பெரும்பாலானவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள், சிலருக்கு அப்போதுதான் உறைக்கும். நிறுத்தாதவரிடம் காரணம் விளக்க வேண்டாம், எழுந்து போய்விடுங்கள். பெரியவர், மாமனார், மேலதிகாரி என்று எழுந்து போக முடியாத இடமும் இருக்கும். அங்கே உங்களுக்காகப் பேச்சை மாற்றிவிடச் சொல்லி நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். இந்தப் பொறுப்பைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ள ஆள் உண்டு, உங்களுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் நண்பர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். உங்களிடம் அபிப்பிராயம் கேட்பவர்களில் ஓரிருவர் உண்மையில் தம்பியைப் பற்றிப் பேச வழி தெரியாமல்தான் அப்படித் தொடங்குகிறார்கள். "அதை விடுங்க, அவனைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். யார் தங்குகிறார்கள், யார் நழுவுகிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

சில நாள் அவனை நினைக்காமலேயே வேலை பார்த்து, சாப்பிட்டு, சிரித்துவிட்டு, இரவில் குற்ற உணர்வு வந்தால், அப்படி இருந்தது தவறு என்று நினைக்காதீர்கள். 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், துக்கம் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்று காட்டினார்கள். உங்களுக்கு அந்தப் போக்குவரத்து நடக்கிறதா என்பதைத்தான் நான் கவனிப்பேன். சதிப் பேச்சு அதை அடைத்துவிடும். ஒவ்வொரு தடவை வாழ்க்கைப் பக்கம் நகரும்போதும் யாராவது ஒருவர் அந்த நாளுக்கே இழுத்துக்கொண்டு போவார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கம் என்பது இப்போது ஒரு நோய்நிலையாகவே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் கொஞ்சமும் குறையாமல், வேலை செய்ய முடியாமல், ஆட்களோடு பழக முடியாமல், தன்னில் ஒரு பகுதியே போய்விட்டதுபோல இருந்தால் உதவி தேட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அழுகை வருவதை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது எத்தனை வருடமானாலும் வரும். ஆனால் மேலே சொன்னவை உங்களுக்கு இருந்தால் மனநல மருத்துவரையோ துக்க ஆலோசகரையோ பாருங்கள். அவன் போன இடத்துக்கே போய்விடலாம் என்ற நினைப்பு வந்தால் இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது தம்பி இறந்ததை மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பேச்சுகளை விட்டுவிடாதீர்கள். பலர் அதைச் சின்ன விஷயம் என்று நினைத்துச் சொல்வதில்லை. எந்தப் பேச்சைக் கேட்ட இரவில் தூக்கம் போகிறது, யார் வீட்டுக்குப் போக இப்போது பயமாக இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அவரால் சரியான இடத்தில் தொடங்க முடியும்.